பேச்சுத் துணை

(முனிர்காவில் தமிழர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும். எண்பது வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். 2014இல் ‘ஜீவன் பிரமாண்’ முறை வந்தபிறகு, வங்கிப் படியேற முடியாதவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆதார் எண்ணைச் சொல்லி விரல் வைத்தாலோ முகத்தைக் காட்டினாலோ போதும். அந்தப் படிவத்தில், மறுமணம் ஆகியிருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்மணிக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியை நிரப்பும் மகனோ பேத்தியோ அதை அவரிடம் படித்துக்கூடக் காட்டுவதில்லை. ‘இல்லை’ என்று அவர்களே குறித்துவிடுகிறார்கள். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியது.

தில்லியின் இந்தப் பகுதிக்கு அது ஏன் பொருந்துகிறது என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். செக்ரெட்டேரியட் வேலைக்கு வந்த தமிழர்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தினார்கள். 1973இல் மலை மந்திருக்குக் கும்பாபிஷேகம் ஆயிற்று. தமிழ்ச் சங்கமும் தமிழ்ப் பள்ளியும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஊர் திரும்ப மனமில்லாதவர்களில் பலர் முனிர்கா டி.டி.ஏ. குடியிருப்பு போன்ற இடங்களில் வீடு வாங்கித் தங்கினார்கள். பிள்ளைகள் படித்து பெங்களூருக்கும் நியூஜெர்சிக்கும் போனார்கள். தம்பதியரில் ஒருவர் முந்திக்கொள்ள, மற்றவர் அந்த இரண்டறை வீட்டில் இருக்கிறார். வேலைக்காரப் பெண் பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்குப் போய்விட்டால், அடுத்த நாள் பத்து மணிவரை வாய் திறந்து பேச ஆள் இல்லை. தொலைபேசியில் பிள்ளைகள் ‘சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா’ என்று கேட்பார்கள். அக்கறைதான். ஆனால் அது பேச்சு ஆகாது.

துணையை இழப்பது உடம்பையும் தாக்கும் என்பதை மருத்துவம் அரை நூற்றாண்டுக்கு முன்பே எண்ணிக் காட்டிவிட்டது. பிரிட்டனில் காலின் மரே பார்க்ஸும் அவருடைய சகாக்களும் மனைவியை இழந்த, ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969இல் முடிவை வெளியிட்டார்கள். மனைவி இறந்த முதல் ஆறு மாதத்தில் அந்த ஆண்களின் இறப்பு, அதே வயதில் மனைவியோடு வாழ்ந்தவர்களைவிட நாற்பது சதவீதம் கூடுதலாக இருந்தது. இறந்தவர்களில் பலர் இதய நோயால் போனார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, அமெரிக்காவில் ஹோம்ஸ், ராஹே என்ற இருவர் வாழ்க்கையில் வரும் அதிர்ச்சிகளுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தார்கள். வேலை போவது, சிறைக்குப் போவது, விவாகரத்து எல்லாம் அதில் உண்டு. வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு அவர்கள் கொடுத்தது முழுதாக நூறு. புறநானூற்றில் ஒரு சேர மன்னன் தன் மனைவி இறந்தபின் தான் இன்னும் உயிரோடு இருப்பதை எண்ணி வருந்திய பாட்டு இருக்கிறது. அரசனாலும் தாங்க முடியாத துயரம் அது என்று தமிழுக்கு எப்போதோ தெரியும்.

அரசன் பிறகு என்ன செய்தான் என்பதை அந்தப் பாட்டு சொல்லவில்லை. ஆனால் பொதுவாக ஆண்கள் என்ன செய்தார்கள் என்பது தெரியும். மனைவி போன ஆண்டே, ‘குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா’ என்று பெரியவர்களே பெண் பார்த்தார்கள். கணவன் போன பெண்ணுக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் துணையை இழந்து வாழ்வோர் சுமார் ஐந்தரைக் கோடி; அவர்களில் நான்கு கோடிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். பெண்களின் ஆயுள் கூடுதல், கணவனைவிட வயது குறைந்தவளையே கட்டிவைப்பார்கள் என்ற இரண்டு காரணங்களும் உண்மைதான். மூன்றாவது காரணம், ஆண்கள் மறுபடி மணந்துகொண்டு அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள்.

இதை மாற்றப் போராடியவர்கள் இருந்தார்கள். ஈஸ்வர சந்திர வித்யாசாகரின் முயற்சியால் 1856இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே கல்கத்தாவில் முதல் திருமணத்தை நடத்திக் காட்டினார். 1881இல் ராஜமுந்திரியில் வீரேசலிங்கம் நடத்தினார். ‘தி இந்து’வைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1889இல் பம்பாய்க் காங்கிரஸ் நடந்த சமயத்தில், விதவையான தம் மகளுக்கு அங்கே மறுமணம் செய்துவைத்து, அதற்காகச் சொந்த சாதியின் ஒதுக்கலைத் தாங்கினார். அ. மாதவையா ‘முத்துமீனாட்சி’ எழுதினார். பாரதி, முடிக்காமல் விட்ட ‘சந்திரிகையின் கதை’யில் வீரேசலிங்கத்தையும் சுப்பிரமணிய ஐயரையும் கதாபாத்திரங்களாகவே கொண்டுவந்து ஓர் இளம் விதவைக்கு வாழ்க்கை தேடினார்.

இவர்கள் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் கண்முன்னே இருந்தவள் பத்து வயதிலும் பதினைந்து வயதிலும் தலை மழிக்கப்பட்ட சிறுமி. அந்தக் கொடுமை அவ்வளவு பெரிதாக இருந்ததால், அறுபது வயதில் தனியாகிப்போனவளின் தேவை அவர்கள் பார்வைக்கு வரவில்லை. அதன் விளைவு இன்றும் தொடர்கிறது. தமிழ்நாடு அரசு 1975 முதல் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் விதவை மறுமண நிதியுதவித் திட்டம் நடத்துகிறது. நல்ல திட்டம். ஆனால் மணமகனுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது விதி. மறுமணம் என்றால் பிள்ளை பெறும் வயதுக்காரர்களுக்கானது என்ற நினைப்பை அந்த ஒரு வரி நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

1856 சட்டத்திலேயே இன்னொரு முள் இருந்தது. மறுமணம் செய்துகொண்ட பெண், முதல் கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை, அந்தக் கணமே இறந்துவிட்டவளைப்போல இழப்பாள் என்றது அதன் இரண்டாம் பிரிவு. வாழப் போகிறவளை இறந்தவளாகக் கொண்ட அந்தச் சட்டம் 1983இல்தான் முறையாக நீக்கப்பட்டது. சொத்தைப் பொறுத்தவரை இன்று நிலைமை தெளிவு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுச் சட்டப்படி கணவனிடமிருந்து மனைவிக்கு வந்த பங்கு அவளுக்கே முழு உரிமை. அவள் பிறகு மணந்துகொண்டாலும் அது பறிபோகாது என்று, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் உறுதி செய்தது. ‘கல்யாணம் பண்ணினா அப்பா சொத்து போயிடும்’ என்று அம்மாவிடம் சொல்லும் பிள்ளைகள் இந்தத் தீர்ப்பை அறிய வேண்டும்.

ஓய்வூதியத்தில்தான் அந்தப் பழைய முள் இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். கடைசியாக எண்பதாயிரம் ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கிய ஊழியரின் மனைவிக்கு, அதில் முப்பது சதவீதமாகிய இருபத்துநாலாயிரம் ரூபாயும் அதற்கான பஞ்சப்படியும் குடும்ப ஓய்வூதியமாக வரும். வேறு வருமானம் இல்லாத பெண்ணுக்கு அதுதான் அரிசி, மின்கட்டணம், பேரனுக்குப் பிறந்தநாள் பணம், யாரிடமும் கை நீட்டாத மானம் எல்லாம். அவர் மறுமணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும். தகுதியுள்ள பிள்ளை இருந்தால் அவருக்குப் போகும். பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிப்பவர்களாக இருந்தால் யாருக்கும் போகாது. குழந்தையில்லாத விதவைக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2006 ஜனவரி முதல், வேறு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டாதவரை அவர் மணந்துகொண்டாலும் ஓய்வூதியம் தொடரும்.

அந்தப் பெண் குடியிருக்கும் அதே மாடியில் எதிர்வீட்டில் மனைவியை இழந்த ஓய்வூதியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுபது வயதில் மணந்தாலும் அவருடைய சொந்த ஓய்வூதியத்தில் ஒரு ரூபாய் குறையாது. ஓய்வுக்குப் பிறகு மணந்த மனைவிக்கும் குடும்ப ஓய்வூதிய உரிமை உண்டு என்று பகவந்தி என்ற பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் இந்த இருவரும் ஒருவரையொருவர் மணக்க நினைத்தால் என்ன ஆகிறது? அவருக்கு நட்டமில்லை. அவளோ, இன்று கையில் இருக்கும் நிச்சயமான வருமானத்தை விட்டுவிட்டு, அவர் காலமானபின் கிடைக்கக்கூடிய ஒன்றை நம்பிப் போக வேண்டும். பல பெண்கள் ‘எனக்கு இந்த வயசுல என்ன கல்யாணம்’ என்று சொல்வதை நாணமென்றோ பண்பாடென்றோ எடுத்துக்கொள்கிறோம். அதில் பாதி, இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்த்த புத்திசாலித்தனம்.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் இருந்தது. கணவனின் சமூகப் பாதுகாப்புத் தொகையில் வாழ்ந்த முதிய பெண்கள், மணந்தால் அது போய்விடும் என்பதால் மணக்காமலே சேர்ந்து வாழ்ந்தார்கள். அவர்களில் பலர் தேவாலயத்துக்கு ஞாயிறு தவறாமல் போனவர்கள்; மனம் உறுத்தியது. 1965இல் அங்கே விதியைச் சற்றுத் தளர்த்தி, அறுபதுக்குப்பின் மணந்தவருக்குப் பாதித் தொகை என்றார்கள். 1979 முதல் அறுபது வயதுக்குப்பின் மணப்பவர் முழுத் தொகையையும் வைத்துக்கொள்ளலாம். அதனால் அந்த நாட்டுக் குடும்பம் எதுவும் கெட்டுப்போய்விடவில்லை.

நம் நாட்டில் சட்டம் நகராத இடத்தில் மனிதர்கள் வழி தேடியிருக்கிறார்கள். 2001 ஜனவரி 26இல் குஜராத்தைக் குலுக்கிய பூகம்பத்தில் துணையை இழந்தவர்களைப் பார்த்துக் கலங்கிய அகமதாபாத்காரர் நட்டுபாய் பட்டேல், அவர்களுக்குத் துணை தேடித்தரும் வேலையைக் கையிலெடுத்தார். கட்டணம் கிடையாது. அவருடைய கூட்டங்களுக்கு ஊர் ஊராக முதியவர்கள் வந்து, மேடையேறி, தம் வயதையும் வருமானத்தையும் நோயையும் சொல்லி, என்ன எதிர்பார்க்கிறார்கள் என்றும் சொல்வார்கள். ஆண்கள் கூட்டமாக வருவார்கள், பெண்கள் சிலரே. அதற்காகப் பெண்களின் பயணச் செலவை அவருடைய அமைப்பே ஏற்றதும் உண்டு. வந்த பெண்கள் திருமணத்துக்குத் தயங்குவதன் காரணங்களைக் கேட்டுக்கேட்டு, 2011இல் அவர் திருமணமின்றிச் சேர்ந்து வாழ விரும்பும் முதியோருக்கென்றே அகமதாபாத்தில் ஒரு கூட்டம் நடத்தினார். ஹைதராபாத்தில் என்.எம். ராஜேஸ்வரி 2010இல் ‘தோடு நீடா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். புனேயில் மாதவ் தாம்லே 2012இல், சேர்ந்து வாழும் முதியோருக்கான மண்டலி ஒன்றை அமைத்தார். மூன்றும் பெருநகர வாசனை வீசும் பணக்கார விடுதிகளில் பிறந்தவை அல்ல. அவற்றைத் தேடி வந்தவர்கள் ஓய்வுபெற்ற வாத்தியார்களும் வங்கிக் குமாஸ்தாக்களும்.

தென்னாட்டு உதாரணம் ஒன்று இதைவிட நெஞ்சைத் தொடுகிறது. திருச்சூரில் விருந்துச் சமையலுக்குப் பேர்போன ஐயர் ஒருவர் இருந்தார். அவரிடம் உதவியாளராக ஒருவர் பல ஆண்டு வேலை செய்தார். ஐயர் காலமாகும்முன், தம் மனைவியைப் பார்த்துக்கொள்ளும்படி அந்த உதவியாளரிடம் சொல்லிவிட்டுப் போனார். குழந்தைகள் இல்லாத அந்த அம்மையார் உறவினர் வீட்டில் சில காலம் இருந்து, கடைசியில் ராமவர்மபுரத்தில் உள்ள அரசு முதியோர் இல்லத்துக்கு வந்தார். உதவியாளர் எங்கெங்கோ வேலை பார்த்து, பக்கவாதம் தாக்கி, கவனிக்க ஆளில்லாமல், அதே இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே மறுபடி சந்தித்தார்கள். ஐயர் இறந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இருவரும் அறுபதின் நடுப்பகுதியைக் கடந்திருந்தார்கள். 2019 டிசம்பர் கடைசியில் அந்த இல்லத்தின் முற்றத்தில் பந்தல் போட்டுத் திருமணம் நடந்தது. மாநில அமைச்சர் வி.எஸ். சுனில்குமார் வந்திருந்தார். கூட வசித்த முதியவர்கள்தான் பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும். கேரளத்து அரசு முதியோர் இல்லமொன்றில் நடந்த முதல் திருமணம் என்று செய்தித்தாள்கள் எழுதின.

இந்த நிகழ்ச்சியைப் படித்த பலரும் காதல் கதையாகவே இதைக் கொண்டாடினார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது இல்லத்து அதிகாரிகளின் நடத்தை. அவர்கள் இருவரையும் கேலி செய்யவில்லை. வேறு வேறு இல்லத்துக்கு மாற்றவில்லை. முறைப்படி அனுமதி வாங்கிக் கொடுத்து, முன்னே நின்று நடத்திவைத்தார்கள். அந்த இருவருக்கும் பங்கு கேட்கும் பிள்ளைகள் இல்லை, இழக்க வீடு இல்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். வீடும் பிள்ளைகளும் உள்ள முனிர்காக்காரருக்கு அது அவ்வளவு எளிதல்ல.

பிள்ளைகளைப் பழிப்பது நியாயமாகாது. அவர்களுக்கு ஒரு துக்கம் இருக்கிறது; அப்பாவின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்வதைப் பார்க்க முடியாத துக்கம். அது மதிக்கப்பட வேண்டியது. அதோடு ஒரு பயமும் இருக்கிறது. இந்தப் பகுதியில் டி.டி.ஏ. வீட்டின் விலை இன்று கோடியில் பேசப்படுகிறது. அப்பா மறுபடி மணந்து, உயில் எழுதாமல் போனால், இந்து வாரிசுச் சட்டப்படி புது மனைவிக்கும் பிள்ளைகளோடு சம பங்கு உண்டு. இந்தப் பயத்தைப் பண்பாட்டுச் சொற்களில் மூடிவைப்பதுதான் தவறு. மூடிவைக்காமல் பேசினால் தீர்க்க வழி இருக்கிறது. சுயமாகச் சம்பாதித்த வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் உயிலில் எழுதலாம். இந்துக்களுக்கு, முன்பு எழுதிய உயில் மறுமணத்தால் செல்லாமல் போகாது. கிறிஸ்தவர்களுக்குப் போகும், இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அவர்கள் மணந்தபின் புதிதாக எழுதியாக வேண்டும். துணைவி தம் காலம்வரை அந்த வீட்டில் வசிக்கலாம், பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுதுகிறவர்கள் உண்டு. மனைவிக்குத் தரும் வாழ்நாள் உரிமை சில நேரம் முழு உரிமையாகிவிடும் என்பதால் இதை வழக்கறிஞரைக் கேட்டு எழுதுவது நல்லது. வங்கிக் கணக்கில் நாமினியாகப் பெயர் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளர். சொத்துக்கு உரியவர் வாரிசே.

வீட்டை முன்பே மகன் பெயருக்குத் தானமாக எழுதிவிட்டவர்களின் நிலைதான் கடினம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்தால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு உதவும். அந்த நிபந்தனை இல்லாமல் எழுதிவிட்டவர், துணை வேண்டும் என்று வாய்திறக்கவே மகனின் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

துணை என்றால் தாலி கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. ராஜாஜி இளவயதிலேயே மனைவியை இழந்தவர். பிறகு மணக்கவில்லை. இதே தில்லியில் 1948 முதல் 1950 வரை அவர் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, விருந்தினரை வரவேற்று வீட்டை நடத்தியவர் அவருடைய மகள் நாமகிரி. அவரும் கணவனை இழந்தவர். ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள். அது பெருமைக்குரிய உறவுதான். ஆனால் எல்லா வீட்டிலும் மகள் தன் வாழ்க்கையைக் கொடுத்து அப்பாவுக்குத் துணையிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, ஒருவரின் தனிமையை இன்னொருவர் தலையில் இறக்கிவைப்பது. அந்தக் காலத்து இளம் விதவை மகளுக்கு வேறு வழி எவ்வளவு இருந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

வேறு வேறு வீட்டில் இருந்துகொண்டே, காலையில் பூங்காவில் சேர்ந்து நடந்து, சி.ஜி.எச்.எஸ். மருந்தக வரிசையில் ஒருவர் அட்டையை இன்னொருவர் பிடித்து நின்று, வெள்ளிக்கிழமை மலை மந்திருக்குச் சேர்ந்து போய்வருகிறவர்கள் இருக்கலாம். அதுவும் துணைதான். ஒரே வீட்டில் மணமின்றி வாழ்வதும் குற்றமல்ல. நடிகை குஷ்பு தொடர்பான வழக்கில் 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில், கோயம்புத்தூரிலிருந்து போன வேலுசாமி–பச்சையம்மாள் வழக்கில், எப்படிப்பட்ட உறவு திருமணத்துக்கு நிகராகக் கருதப்பட்டுப் பெண்ணுக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் என்று வரையறுத்தது. இருவரும் மணக்கத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும். ஊரறியத் தம்பதிபோல வாழ வேண்டும். கணிசமான காலம் சேர்ந்திருக்க வேண்டும். ஓய்வுக்குப்பின் டேராடூன் பக்கம் குடிபோக நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. உத்தராகண்டில் 2025 ஜனவரி 27 முதல் நடப்பில் உள்ள பொது உரிமையியல் சட்டம், இப்படிச் சேர்ந்து வாழ்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஒரு மாதத்துக்குமேல் பதியாமல் இருந்தால் தண்டனையும் உண்டு.

மணமில்லாத துணையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. ஒருவர் மருத்துவமனையில் படுத்தால், அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட மற்றவரை விடமாட்டார்கள். ‘நீங்கள் யார்’ என்பார்கள். இறந்தால், இறுதிச் சடங்கில் எங்கே நிற்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. எழுதி வைக்காத சொத்தில் பங்கு கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. அதனால்தான், மணக்க விரும்புகிறவர்கள் மணக்க முடிய வேண்டும். அவர்களைத் தடுப்பது பணமாக இருக்கக் கூடாது.

இதைச் சொல்வதற்கு இது பொருத்தமான நேரம். நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது ஊதியக் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. குழந்தையில்லாத விதவைக்கு விலக்கு பிறந்தது ஆறாவது குழுவின் காலத்தில் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அறுபது வயதுக்குப்பின் மணப்பவரின் குடும்ப ஓய்வூதியம், குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆணானாலும் பெண்ணானாலும், தொடர வேண்டும் என்று இந்தக் குழுவிடம் கேட்க வேண்டும். ஓய்வூதியத் துறைக்கு ஆலோசனை சொல்லும் ‘ஸ்கோவா’ குழுவில் ஓய்வூதியர் சங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பஞ்சப்படி, மருத்துவப்படி, கம்யூட்டேஷன் பற்றி அவை உரக்கப் பேசுகின்றன. இதைப் பற்றியும் பேச வேண்டும். ஆர்.கே.புரத்திலும் முனிர்காவிலும் உள்ள தமிழ் ஓய்வூதியர்கள் கையெழுத்திட்டு ஒரு மனு அனுப்பலாம். அதில் முதல் கையெழுத்தைத் துணையோடு வாழ்கிறவர்கள் போடுவது நல்லது. தனியாக இருப்பவர் முதலில் போட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கம் அவருக்கு இருக்கும்.